தபால் ஓட்டு செல்லாமல் போவது சீட்டிலா, உறையிலா?

கரும்பலகை

வணக்கம். அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு இது முதல் தேர்தல் பணி. என் ஓட்டு ஒரு தொகுதியில், பணி போட்டிருப்பது வேறு தொகுதியில். அதனால் தபால் ஓட்டுதான் என்றார்கள், படிவம் 12 எழுதிக் கொடுத்தாயிற்று.

ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். "தபால் ஓட்டில் பாதி குப்பைக்குத்தான் போகும்" என்கிறார் ஒருவர். "சீட்டில் நம்பர் இருக்கிறது, யாருக்குப் போட்டாய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்" என்கிறார் இன்னொருவர். பதினெட்டு வருடமாகத் தேர்தல் பணிக்குப் போகும் ஒரு அக்கா, தான் இதுவரை போட்ட எந்த ஓட்டும் எண்ணப்பட்டதா என்று தனக்கே தெரியாது என்கிறார். உண்மையில் அந்த மேசையில் என்னதான் நடக்கிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தாசில்

ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் நான். மூன்று தேர்தல்களில் தபால் ஓட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் அம்மா, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கைக்கு நான்கு தாள்கள் வரும். ஓட்டுச் சீட்டு. 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம். 13பி என்ற சின்ன உறை. 13சி என்ற பெரிய உறை. இவற்றோடு எப்படிச் செய்வது என்று விளக்கும் 13டி தாளும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. சீட்டில் குறி போட்டுச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உறையின் மேல் சீட்டின் வரிசை எண் இருக்க வேண்டும். 13ஏ-வில் அதே எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு ஒட்டிய சின்ன உறையையும் 13ஏ-வையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: தனித்தனியாக.

இனி எண்ணும் நாள். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில்தான் ஆரம்பிப்போம். 8 மணிக்குப் பிறகு வந்து சேர்ந்த உறையைப் பிரிக்கவே மாட்டோம், அது அப்படியே தனிக் கட்டாகிவிடும். ஒரு மேசைக்கு அதிகபட்சம் 500 உறைகள். மேசைக்கு ஒரு உதவித் தேர்தல் அலுவலர், சுற்றிலும் வேட்பாளர்களின் முகவர்கள். அவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது.

முதலில் பெரிய உறையை மட்டும் வெட்டுவோம். உள்ளே 13ஏ இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் முறையாக இருக்கிறதா, அதில் எழுதிய எண்ணும் சின்ன உறை மேலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்போம். எல்லாம் சரி என்றால் சின்ன உறை ஒரு தட்டுக்கும் 13ஏ இன்னொரு தட்டுக்கும் போகும். ஒன்று தப்பினாலும் சின்ன உறையைப் பிரிக்காமலே காரணம் எழுதி நிராகரிப்புக் கட்டில் சேர்த்துவிடுவோம். நிராகரிக்கும் முடிவு தேர்தல் அலுவலருடையது, மேசை ஊழியர் தானாகத் தள்ள முடியாது.

எல்லாப் பெரிய உறைகளும் முடிந்ததும் 13ஏ படிவங்களை மொத்தமாகக் கட்டி சீல் வைப்போம். அந்தக் கட்டு மேசையை விட்டுப் போன பிறகுதான் முதல் சின்ன உறையை வெட்டுவோம். அந்த நேரத்தில் மேசை மேல் பெயர் எழுதிய தாள் ஒன்றுகூட இருக்காது. உங்கள் ரகசியம் அங்கேதான் காப்பாற்றப்படுகிறது.

சந்தேகசாமி

எல்லாம் சரி ஐயா. சீட்டில் எண் இருக்கிறது, அடிக்கட்டையில் யாருக்குக் கொடுத்தது என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் முடிந்தது. இதில் என்ன ரகசியம்?

பழைய தாசில்

சேர்த்து வைத்தால் கண்டுபிடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அடிக்கட்டைகள் தனியாக சீல் வைத்த கட்டில் இருக்கும், 13ஏ இன்னொரு கட்டில் இருக்கும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எதையும் பிரிக்க முடியாது. ஆள்மாறாட்டம் நடந்ததாக ஒரு வழக்கு வந்தால் தேடிப் பிடிக்க ஏதாவது ஒரு கயிறு வேண்டுமே, அதற்குத்தான் எண். ஸ்டாஃப் ரூமில் பயமுறுத்துகிறவர்கள் சொல்வதுபோல எவனோ ஒரு கிளார்க் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது மேசை

கட்சி முகவராக இரண்டு தடவை அந்த மேசைப் பக்கம் நின்றிருக்கிறேன். ஐயா 'தனித்தனியாக' என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வெளி உறையை வெட்டினால் ஒரே ஒரு சின்ன உறை விழும். 13ஏ இருக்காது. சின்ன உறையைத் தொட்டாலே தடிமனாகத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மடித்த படிவத்தின் நிழல்கூடத் தெரியும். சீட்டோடு சேர்த்துப் படிவத்தையும் உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார் புண்ணியவான். அதைப் பிரித்தால் பெயரும் ஓட்டும் ஒன்றாகக் கையில் வந்துவிடும், அதனால் பிரிக்க மாட்டார்கள். நிராகரிப்பு. நம்ம கட்சி ஓட்டாக இருக்குமோ என்று வயிறு எரியும், எதிர்க்கட்சிக்காரருக்கும் அதே வயிற்றெரிச்சல்தான்.

சீட்டைப் பிரித்த பிறகு செல்லாமல் போகிறவை நான் பார்த்தவரை குறைவு. இரண்டு பேருக்குக் குறி போட்டது, ஒன்றுமே போடாதது, சீட்டிலேயே கையெழுத்துப் போட்டுப் பெயர் எழுதிவைத்தது. கடைசி வகை ஆசிரியர்களிடம்தான் அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம். எந்தத் தாளைப் பார்த்தாலும் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டது. அடையாளம் தெரியும்படி சீட்டில் எது எழுதினாலும் போச்சு.

குறி விஷயத்தில் மட்டும் விதி ரொம்பத் தாராளம். டிக் போடலாம், பெருக்கல் குறி போடலாம். குறி மங்கலாக இருந்தாலும், ஒரே பெயருக்கு நேரே இரண்டு தடவை போட்டிருந்தாலும், எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

பணகுடி காற்று

இந்த இழையில் ராதாபுரம் வராமல் இருந்தால் எங்கள் ஊருக்கு அவமானம். 😀

2016 சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. இன்பதுரை 69,590, தி.மு.க. அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அந்தத் தேர்தலில் 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடி ஆகியிருந்தன. அவற்றின் 13ஏ-வில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். "இவர்கள் கெசட்டட் அதிகாரிகள் இல்லை, சான்றொப்பம் செல்லாது" என்பது தேர்தல் அலுவலரின் முடிவு. ஆக அந்த 203 உறைகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.

அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது: தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் போடத் தகுதி உள்ளவர்கள்தான், தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்று மெஷின் ஓட்டுகளையும் மறுபடி எண்ணுங்கள். அக்டோபர் 4 அன்று சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே எண்ணினார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்றத்திலிருந்து தடை: முடிவை வெளியிடக் கூடாது. அதோடு சரி. 2021-இல் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்து சபாநாயகரும் ஆகிவிட்டார். ஐந்து வருடம் எங்கள் தொகுதிக்கு நியாயமான எம்.எல்.ஏ. யார் என்பதற்குப் பதில் சீல் வைத்த உறைக்குள் இருந்தது.

எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அந்த 203 பேரும் செய்த தப்பு என்ன என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பழைய தாசில்

தேர்தல் அலுவலர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும் தம்பி. எண்ணும் நாளில் யார் கெசட்டட், யார் இல்லை என்று பட்டியல் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டு பக்கமும் முகவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். மேலேயிருந்து சுற்று முடிவு கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

பணகுடி காற்று

ஐயா, மன்னிக்கணும். எங்கள் ஊரில் சாதிச் சான்று நகலிலிருந்து ரேஷன் கார்டு நகல்வரை அதே தலைமையாசிரியர்தான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், எல்லா ஆபீஸிலும் வாங்கிக்கொள்வார்கள். ஓட்டுக்கு மட்டும் அவர் அதிகாரி இல்லையா? சந்தேகம் இருந்தால் அதைச் சீட்டைக் கொடுக்கும் அன்றே சொல்ல வேண்டும். ஓட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போய் டிவியில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருக்கே தெரியாமல் முடிவெடுத்தால் எப்படி?

பழைய தாசில்

அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த முறையின் பெரிய ஓட்டையே அதுதான். வாக்குச்சாவடியில் ஏதாவது குறை என்றால் வாக்காளர் எதிரே நிற்கிறார், கேட்கலாம், சரிசெய்யலாம். தபால் ஓட்டில் குறையைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் ஆள் அங்கே இல்லை. "இன்ன காரணத்தால் உங்கள் ஓட்டு செல்லவில்லை" என்று ஒரு கடிதமும் போவதில்லை.

ஆனால் 2023-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அதற்கு முன் தேர்தல் பணியாளர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், ஆற அமர யாரிடமாவது சான்றொப்பம் வாங்கித் தபாலில் போடலாம். இப்போது அது கிடையாது. வசதி மையத்தில் வாங்கி, அங்கேயே குறி போட்டு, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். சான்றொப்பம் போட அதிகாரி அங்கேயே இருப்பார். கரும்பலகை அம்மாவுக்கு ராதாபுரம் பிரச்சினை வராது.

வீட்டுக்குக் கொண்டுபோன காலத்தில் வேறு வேடிக்கையும் நடந்தது. சங்கத் தலைவர் நான்கு பேர் சீட்டை வாங்கி "நானே நிரப்பித் தருகிறேன்" என்பார். விதி திருத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சந்தேகசாமி

ராதாபுரம் மட்டுமா? குஜராத் தோல்கா, 2017. வித்தியாசம் 327, தள்ளுபடியான தபால் ஓட்டு 429. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அமைச்சர் பூபேந்திரசிங் சுடாசமாவின் தேர்தலையே செல்லாது என்றது, மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. பீகார் ஹில்சா, 2020. வித்தியாசம் வெறும் 12, தள்ளுபடி 182. எங்கே ஓட்டு நெருக்கமாக வருகிறதோ அங்கேயெல்லாம் இந்தக் கட்டுதான் வில்லன்.

மூன்றாவது மேசை

அதற்குத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஜெயித்த வித்தியாசம், தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளுபடியான எல்லாவற்றையும் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். யாரும் மனு கொடுக்க வேண்டியதில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கில் இது நடந்தது. மெஷின் ஓட்டில் அமோல் கீர்த்திகர் ஒரே ஒரு ஓட்டு முன்னே இருந்தார். தபால் ஓட்டைச் சேர்த்ததும் ரவீந்திர வைக்கர் 48 ஓட்டில் ஜெயித்தார். தள்ளுபடியான தபால் ஓட்டு 111. அதை மறுபடி பார்த்துவிட்டுத்தான் அறிவித்தார்கள்.

ஆனால் ஒன்று. மறுபடி பார்ப்பவரும் அதே தேர்தல் அலுவலர்தான். "சான்றொப்பம் செல்லாது" என்று காலையில் சொன்னவர் சாயங்காலம் வேறு மாதிரி சொல்ல மாட்டார். எண்ணைத் தப்பாகப் படித்தது, கட்டு மாறிப்போனது போன்ற கைப்பிழைகள் வேண்டுமானால் அகப்படும்.

சந்தேகசாமி

தபால் ஓட்டு எண்ணி முடியும் முன்பே மெஷின் ஓட்டு முடிந்துவிடுகிறதே, அது?

மூன்றாவது மேசை

8 மணிக்குத் தபால், அரை மணி கழித்து மெஷின், பிறகு இரண்டும் அக்கம்பக்கமாக ஓடும். முன்பெல்லாம் கடைசிக்கு முந்தைய சுற்றில் மெஷினை நிறுத்திவைத்து, தபால் முடிந்த பிறகுதான் தொடர்வார்கள். 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். கட்சிகள் கத்தின. 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் பழைய முறையையே திரும்பக் கொண்டுவந்தது. எங்களைப் போல மேசைப் பக்கம் நிற்பவர்களுக்கு இது நிம்மதி. மெஷின் முடிவு முழுதாகத் தெரிந்துவிட்டால், "இன்னும் 60 ஓட்டு வேண்டும்" என்ற கணக்கோடு ஒவ்வொரு உறை மேலும் சண்டை நடக்கும். வேண்டிய எண்ணிக்கை தெரியாமல் இருந்தால் இரண்டு பக்கமும் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

ஹவில்தார் வேலூர்

ராணுவக்காரன் ஒருத்தன் பேசட்டும். எங்கள் காலத்தில் சீட்டு ஊரிலிருந்து தபாலில் கிளம்பி, நாங்கள் இருந்த போஸ்ட்டுக்கு வந்து சேரும்போது ரிசல்டே வந்திருக்கும். பனி கொட்டும் இடத்தில் கவரைப் பிரித்து, தோற்றுப்போன ஆளுக்கு ஓட்டுப் போடலாமா என்று சிரித்திருக்கிறோம்.

இப்போது சீட்டு கம்ப்யூட்டர் வழியாக யூனிட்டுக்கு வருகிறது. பாஸ்வேர்டு போட்டு இறக்கி, பிரிண்ட் எடுத்து, குறி போட்டு, அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். போவது மின்னல் வேகம், வருவது தபால் வேகம். 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் இதை முதலில் செய்து பார்த்தார்கள், அப்போதைய முதல்வர் நாராயணசாமி நின்ற அதே தேர்தல். எண்ணும்போது உறை மேலுள்ள கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து, ஒரே ஆளின் ஓட்டு இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

தபாலே வேண்டாம் என்றால் ராணுவத்தினருக்கு இன்னொரு வழி உண்டு: ஊரில் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம். அவர் நமக்காக வாக்குச்சாவடிக்குப் போய்ப் போடுவார். அப்போது மை வைப்பது அவருடைய நடுவிரலில். ஆள்காட்டி விரல் அவருடைய சொந்த ஓட்டுக்கு! என் தம்பி எனக்காகப் போட்டிருக்கிறான். யாருக்குப் போட்டான் என்று இன்றுவரை கேட்கவில்லை, கேட்டால் குடும்பம் பிரியும்.

ஸ்கார்பரோ குளிர்

கனடாவிலும் உறைக்குள் உறைதான். இங்கே அதற்கு 'ஸ்பெஷல் பாலட்' என்று பெயர். பெரிய வித்தியாசம், சீட்டில் பெயர்கள் அச்சாகியிருக்காது, வெறும் கோடு. வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும். கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. அம்மா முதல் தடவை கட்சிப் பெயரை எழுதப் போனதை நான்தான் தடுத்தேன். வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கையெழுத்து இல்லை என்றால் இங்கேயும் உள் உறையைத் திறக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். சான்றொப்பம் போட அதிகாரி யாரும் தேவையில்லை.

போன பொதுத்தேர்தலில், 2025 ஏப்ரலில், கியூபெக்கில் டெர்போன் தொகுதி. நீதிபதி முன்னிலையில் மறுபடி எண்ணியதில் லிபரல் வேட்பாளர் ஒரே ஓட்டில் முன்னே வந்தார். பிறகு பார்த்தால் எதிர்க்கட்சிக்குப் போட்ட ஒரு அம்மாவின் தபால் ஓட்டு அவர் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. தேர்தல் அலுவலகம் கொடுத்த உறையிலேயே அஞ்சல் குறியீடு தப்பாக அச்சாகியிருந்ததாம்! விஷயம் நீதிமன்றம் போனது. ராதாபுரத்து 203 பேர் மாதிரிதான், போட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கோண்டாவில்

இலங்கையில் இது அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் படையினருக்கும்தான் பெரும்பாலும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 712,319 பேர் தபால்மூல வாக்களிப்புக்குத் தகுதி பெற்றிருந்தனர். குறித்த நாட்களில் நாங்கள் வேலை செய்யும் கந்தோரிலேயே, அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், அவருக்குக் காட்டாமல் அடையாளமிட வேண்டும். தவறவிட்டவர்களுக்கு மேலதிகமாக இரண்டு நாள் தந்தார்கள். மாவட்ட முடிவுகளில் தபால் வாக்குத்தான் முதலில் வரும். அன்றிரவு முழுக்க அதை வைத்தே எல்லோரும் ஜாதகம் பார்ப்பார்கள்.

கரும்பலகை

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை ஸ்டாஃப் ரூம் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி இருக்கிறது. தபால் ஓட்டு வாங்கிவிட்டு அன்றைக்கு அவசரத்தில் போட முடியாமல் போனால், என் பூத்தில் போய்ப் போடலாமா? அப்புறம், என் மாமியாருக்கு 86 வயது, வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்களாமே, அதுவும் இதே உறைதானா?

பழைய தாசில்

முடியாது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே தபால் ஓட்டு கொடுத்தாயிற்று என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு பூத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொந்தத் தொகுதியிலேயே பணி போட்டிருந்தால் தேர்தல் பணிச் சான்று வாங்கி, பணி செய்யும் பூத்தில் மெஷினிலேயே போட்டிருக்கலாம். உங்களுக்கு அந்த வழி இல்லை.

மாமியாருக்கு அதே உறைதான். முன்பு 80 வயது என்றிருந்தது, 2024-இல் 85 ஆக்கினார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் உண்டு. படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடும் போலீஸோடும் வீட்டுக்கு வருவார்கள், அட்டை மறைப்பு வைப்பார்கள், சான்றொப்பமும் அவர்களே போடுவார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இன்னொரு தடவை வருவார்கள், அதற்கு மேல் வர மாட்டார்கள். அன்றைக்கு அம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கரும்பலகை

சனிக்கிழமை பயிற்சி வகுப்பு, அங்கேயே வசதி மையமும் இருக்கிறதாம். எண்ணை முதலில் படிவத்திலும் உறையிலும் சரிபார்ப்பது, சீட்டு மட்டும் சின்ன உறையில், படிவம் பெரிய உறையில், சீட்டில் கையெழுத்து கூடாது. சரிதானே? பசை கொண்டு போகணுமா?

மூன்றாவது மேசை

சரிதான் மேடம். பசை அங்கேயே வைத்திருப்பார்கள், பாதி காய்ந்து போயிருக்கும். நல்ல பேனா ஒன்று கொண்டு போங்கள்.

பணகுடி காற்று

சான்றொப்பம் போடுகிறவரின் பதவி முத்திரையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் மேடம். ராதாபுரத்துக்காரன் சொல்கிறேன்.